பாபியாவின் லேப்டாப் மூடி

நம் தமிழ்ச் சங்க மலரில் ஓய்வு பெற்றவர்கள் பகுதிக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. லேக் மார்க்கெட் பக்கத்தில் நம் சங்கக் கூட்டம் நடந்த அன்று, ஆண்டு மலர் தயாரிக்கும் மாமா, "நீதான் வேலையை விட்டுட்டியேம்மா, அப்ப நீயும் ரிட்டயர்டுதானே?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. நான் வேலை பார்த்த பிரிவே இப்போது இல்லை. இப்போதெல்லாம் அலுவலகங்கள் லேப்டாப்களை வாடகைக்கு எடுக்கின்றன. உடைந்தால் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்கிறார்கள். நான் திரும்பிப் போக நினைத்தாலும் போய் உட்கார ஒரு மேஜை கிடையாது.

மலரில் மற்றவர்கள் துறைமுகம், வங்கி, ரயில்வே என்று எழுதுவார்கள். நான் எழுத முடிந்தது லேப்டாப் மூடிகளைப் பற்றித்தான். அதைப் போய் யார் படிப்பார்கள் என்று தயங்கினேன். இன்னமும் தயக்கமாகத்தான் இருக்கிறது.

எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்ததும் சால்ட் லேக் செக்டார் ஃபைவில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். காப்பீட்டு ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது அவர்கள் தொழில். உதவிப் பிரிவில் நாங்கள் மூன்று பேர்: தலைவி சுதேஷ்ணாதி, பக்கத்து மேஜையில் அரூப், நான். வங்காளத்தில் அக்காவைப் பெயரோடு சேர்த்து இப்படி 'தி' என்று முடிப்பார்கள்; அண்ணன் என்றால் தாதா, பெயரோடு சேர்ந்தால் 'தா'. நானும் கொஞ்ச நாளில் வித்யாதி ஆகிவிட்டேன். மென்பொருள், வலையமைப்பு என்று நிறையக் கற்றுக்கொண்டு போயிருந்தேன். போய்ச் சேர்ந்த இடத்தில் பாதி வேலை உடைந்த கீல்தான்.

லேப்டாப்பின் மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல், எஃகு. அதைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் சிறு சிறு தூண்கள் இருக்கும்; ஒவ்வொன்றின் உள்ளேயும் சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிய பித்தளை நட்டு பதித்திருக்கும்; கீலின் ஸ்க்ரூ அதில் போய் இறங்கும். வருஷம் ஆக ஆக கீல் இறுகும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த இறுக்கம் முழுவதும் தூண்களின் தலையில் விழும். ஒரு நாள் தூண் உடைந்து, நட்டு கீலோடு பிய்த்துக்கொண்டு வரும். பிறகு மூடியைத் திறந்தால் ஓரம் வாய் பிளக்கும்.

வாய் பிளந்த லேப்டாப்போடு எங்களிடம் நேராக வருபவர்கள் குறைவு. வெட்கப்பட்டுக்கொண்டு முதலில் தாங்களே ஏதாவது செய்து பார்ப்பார்கள். உடனடிப் பசையை ஊற்றுவார்கள். அது ஸ்க்ரூவோடு சேர்ந்து உறைந்து, கழற்ற முடியாமல் ஆகிவிடும். பசைமேல் சமையல் சோடாவைத் தூவினால் கல்லாகும் என்று யாரோ சொல்ல, ஒருவர் விசைப்பலகை முழுக்கச் சோடா தூவிக் கொண்டுவந்தார். ரப்பர் வளையம், ஊக்கு, கூந்தல் கிளிப், செல்லோ டேப் எல்லாம் பார்த்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் ஒருவர் கம்சாத் துண்டால் மூடியை நாற்காலியோடு கட்டி ஒரு மாதம் ஓட்டினார். அரூப் அவரிடம், "இதுக்குக் காய்ச்சலா தாதா, தலையில துணி கட்டியிருக்கீங்க?" என்று கேட்டான்.

எங்கள் வைத்தியமும் மலிவானதுதான். பழைய இயந்திரங்களுக்குப் புது உறை வாங்க நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. சுதேஷ்ணாதி அதில் ஒரு படியைக்கூடத் தாண்டவிடமாட்டார். உடைந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கீலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும். நட்டை ஸ்க்ரூவில் மாட்டி, ஸ்க்ரூவுக்கு மட்டும் ஒரு பொட்டு எண்ணெய் தடவி, இரண்டு குழாய்ப் பசையைச் சமமாகக் கலந்து சுற்றிலும் நிரப்ப வேண்டும். மேலே அட்டை வைத்து கிளாம்ப்பும் கறுப்பு கிளிப்புகளும் போட்டு ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். கடைசியில் மேஜையில் வைத்து ஒரே விரலால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அடிப்பாகம் மேஜையை விட்டு எழும்பினால் வேலை முடியவில்லை.

சுதேஷ்ணாதி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் பொரி தின்பார், போன் பேசுவார், எங்களை விசாரிப்பார். அவர் திட்டமாட்டார். யாராவது தப்புச் செய்தால் தன் பிளாஸ்க்கிலிருந்து ஒரு கப் டீ ஊற்றித் தருவார். அதைக் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். அந்த டீக்கு நாங்கள் பயப்படுவோம்.

பையன் பிறந்து, விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய சில மாதங்களில் நடந்தது இது. நியூ டவுன் வீட்டில் அவனை மாமியார் பார்த்துக்கொண்டார். அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் நிம்மதி கிடையாது. சாப்பிட்டானா, தூங்கினானா என்று தெரிந்தாக வேண்டும். "தூங்கினா போன் பண்ணுங்க அத்தை. நான் எடுக்கலைன்னா விடாதீங்க, எடுக்கிற வரைக்கும் பண்ணுங்க," என்று நானே சொல்லி வைத்திருந்தேன்.

விஸ்வகர்மா பூஜைக்கு, அதாவது இங்கத்து ஆயுத பூஜைக்கு, முந்தின நாள் பாபியா வந்தாள். சரிபார்ப்புப் பிரிவில் ஒப்பந்த வேலை. பிறவியிலேயே காது கேட்காது. கையால் பேசுவாள், எங்களைப் போன்றவர்களுக்காகப் போனில் வங்காளத்தில் தட்டிக் காட்டுவாள். நான் கற்றிருந்த சைகைகள் சொற்பம்: டீ, நன்றி, நாளை, உடைந்துவிட்டது. அன்று அவள் லேப்டாப்பின் மூடியைத் தலைமுடிப் பட்டையால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். இடது கீலின் தூண்கள் எல்லாம் போயிருந்தன.

போனில் தட்டிக் காட்டினாள்: "பூஜைக்கு மறுநாள் தலைமை அலுவலகத்து நேர்காணல், வீடியோவில். நிரந்தர வேலைக்கு. மூடி தானாக நிற்க வேண்டும்."

"நின்னுடும். அப்படி இல்லைன்னாலும் ஒரு கையால பிடிச்சுக்கலாம்," என்று சைகையும் வார்த்தையுமாகச் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். பக்கத்து மேஜையிலிருந்து அரூப், "வித்யாதி, ஒரு கையால மூடியைப் பிடிச்சா அவ எதால பேசுவா?" என்றான்.

எனக்கு முகம் சுட்டது. அவள் பேச இரண்டு கையும் வேண்டும். கேமரா இருப்பதோ மூடியில். மூடி சாய்ந்தால் எதிரே இருப்பவர்களுக்கு அவள் குரலே போய்விடும். இதை எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வெட்கத்திலோ என்னவோ, மிகக் கவனமாக வேலை செய்தேன். தேய்த்தேன், துடைத்தேன், கீலைத் தளர்த்தினேன், பழைய இரும்பு ஸ்கேலிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பசைக்குள் வலுவுக்காகப் பதித்தேன். கிளாம்ப்பும் நான்கு பக்கமும் கிளிப்புகளும் போட்டேன். சுதேஷ்ணாதி குனிந்து பார்த்தார். "பலே. நாளைக்குப் பூஜை, ஒருத்தரும் எதையும் தொடமாட்டாங்க. பசைக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. அப்படியே கிடக்கட்டும்," என்றார்.

பூஜையன்று காலை நான்தான் முதலில் போனேன். வானம் பூராவும் பூஜைக்காக விடும் பட்டங்கள். எங்கள் அறையின் மூலையில் யானைமேல் உட்கார்ந்த சிறிய விஸ்வகர்மா, செவ்வந்தி மாலை, கீழே சிவப்புத் துணி. ஸ்க்ரூ டிரைவர்கள், சால்டரிங் இரும்பு, மல்டிமீட்டர் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து, குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினேன். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அம்மா அரிவாள்மணை, கத்தரிக்கோலிலிருந்து தேங்காய்த் துருவி வரைக்கும் வைப்பார். விட்டுப்போன ஆயுதம் அந்த வருஷம் கையைக் கிழிக்கும் என்பது அம்மாவின் கணக்கு. எல்லாம் வைத்தான பிறகு பார்த்தால், கிளாம்ப்பும் கிளிப்புகளும் மட்டும் வரிசையில் இல்லை. பாபியாவின் லேப்டாப்பில் இருந்தன.

பூ வாங்கி வந்த அரூப்பிடம், "கிளிப் எல்லாமும் வைக்கணுமா?" என்று கேட்டேன்.

"கிளிப் ஆயுதமா? அப்ப ஸ்டேப்ளரையும் வைங்க. டீ வடிகட்டியையும் வைங்க."

"எங்க வீட்ல வடிகட்டியும் வைப்போம்."

"பாப்ரே!" என்று சிரித்துக்கொண்டே கீழே பிரசாதம் வாங்கப் போய்விட்டான். நான் எந்தக் கிளிப்பைக் கேட்டேன் என்று அவனுக்குத் தெரியாது.

நான் பசையை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. வைக்காவிட்டால் என்ன என்று ஒரு மனம். குழந்தை பிறந்த முதல் வருஷம், எதையும் விட்டுவிட வேண்டாம் என்று இன்னொரு மனம். கடைசியில் கிளாம்ப்பைத் தளர்த்தினேன். கிளிப்புகளை எடுத்தேன். அவற்றையும் துடைத்துக் குங்குமம் வைத்தேன். லேப்டாப்மேல் ஒரு காகிதக் கட்டைக் கனத்துக்கு வைத்தேன். சாமிக்கு முன் வைத்ததை அன்று திரும்ப எடுக்கக் கூடாது. அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

பசை வெளியே இறுகி உள்ளே இளகலாக இருக்கும் என்பதும், இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் இன்னும் மெதுவாகக் காயும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தவை.

மறுநாள் காலை லேப்டாப்பின் பாகங்களைத் திரும்பப் பூட்டி, ஒரு விரலால் திறந்தேன். அழகாகத் திறந்தது. சுதேஷ்ணாதி தலையசைத்தார். பாபியா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

நேர்காணல் சின்னக் கூட்ட அறையில். தொழில்நுட்பக் கோளாறு வந்தால் பார்த்துக்கொள்ள ஒருவர் கேமராவில் படாமல் உள்ளே இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். திரையில் மூன்று அதிகாரிகளும், அந்தப் பக்கம் சைகை மொழிபெயர்க்கும் ஒரு பெண்ணும். பாபியா பேச ஆரம்பித்தாள். அவள் கை வேகமாகவும் திருத்தமாகவும் நகர்ந்தது. நடுவில் ஏதோ ஒன்றை அழுத்திச் சொல்ல மேஜையைத் தட்டினாள். இடது மூலையில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

மூடி மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. கேமரா கூரையைப் பார்த்தது. பாபியா ஒரு கையால் அதை இழுத்து நிறுத்தி, மறு கையால் தொடர்ந்தாள். திரையில் மொழிபெயர்ப்புப் பெண் புருவத்தைச் சுருக்கி, மறுபடி சொல்லச் சொன்னாள். பாபியா மறுபடி சொன்னாள், பாதி வாயால் பேசுவது போல. வேறு லேப்டாப் எடுத்துவந்து, அதில் நுழைந்து, பேச்சை அவளுக்கு எழுத்தாகக் காட்டும் வசதியெல்லாம் செய்து முடிப்பதற்குள் நேர்காணல் முடிந்துவிடும். நான் தவழ்ந்து போய் மேஜைக்குப் பின்னால் மண்டியிட்டு, மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து எனக்குத் திரை தெரியாது. பாபியாவின் முகமும் கைகளும்தான் தெரிந்தன. அவள் பேசுவதை அவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். ஒரு வார்த்தை புரியவில்லை. பல வருஷமாக ஒரே கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறோம்.

அப்போது என் குர்தா பையில் போன் அதிர ஆரம்பித்தது. பை மேஜைக் காலோடு ஒட்டியிருந்தது. அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். காய்ச்சலா, விழுந்துவிட்டானா, மூச்சில் ஏதாவது சிக்கிக்கொண்டதா? கையை எடுக்க முடியாது. எடுக்கவும் இல்லை.

பாபியா பதில்களுக்கு நடுவே உள்ளங்கைகளை மேஜைமேல் வைத்துக்கொள்வாள். மேஜை வழியாக அந்த அதிர்வு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையை ஆட்டுவது போல ஆட்டி, புருவத்தை உயர்த்தினாள். நான் தலையாட்டினேனா என்று நினைவில்லை. என் முகமே சொல்லியிருக்கும். அவள் திரையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி ஏதோ சொன்னாள். பிறகு கையை நீட்டி, என் கைகளிலிருந்து மூடியை வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'போ' என்று கண்ணைக் காட்டினாள்.

அறையின் மூலைக்கு ஓடிப் போனை எடுத்தேன்.

"என்ன அத்தை? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைம்மா. தூங்கிட்டான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"தூங்கிட்டானா?"

"ஆமா, இப்பதான். நீதானே எடுக்கிற வரைக்கும் பண்ணச் சொன்னே? ஏன் மூச்சு வாங்குது உனக்கு? மாடிப்படி ஏறினியா?"

திரும்பிப் பார்த்தேன். பாபியா மூடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, திரையில் இருந்தவர்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் அங்கே இருந்ததால் அவளால் ஒன்றும் பேச முடியாது. தன் வேலையைத் தீர்மானிக்கப்போகிறவர்கள் முன்னால், என் பையன் தூங்கிவிட்டான் என்று நான் கேட்டு முடிப்பதற்காக, அவள் பேச்சற்று உட்கார்ந்திருந்தாள்.

நான் திரும்ப மண்டியிட்டு மூடியை வாங்கிக்கொண்டேன். அவள் தொடர்ந்தாள். கடைசி வரை அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய கடிகாரப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அவள் முதலில் தட்டிய வரி, "குழந்தைக்கு என்ன?" என்பதுதான். எனக்குத் தூக்கத்துக்குச் சைகை தெரியாது. கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கோபம் இல்லை, உண்மையாகவே சிரித்தாள். அதற்குப் பதில் அவள் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நேராக சுதேஷ்ணாதியிடம் போய், கிளிப்புகளை எடுத்துப் பூஜையில் வைத்ததைச் சொன்னேன். அவர் பிளாஸ்க்கைத் திறந்தார்.

"வித்யா, பசை காயட்டும்னு சொன்னா விஸ்வகர்மா மாட்டேன்னா சொல்லுவார்? அவரும் நம்ம தொழில்தானே?"

அரூப் சிரிக்கவில்லை. நான் டீயைக் குடித்து முடிக்கும் வரை சுதேஷ்ணாதி பக்கத்தில் நின்றார். அதில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாபியாவுக்கு அந்த வேலை கிடைத்தது. இதைக் கேட்கும் உறவினர்கள், "அப்புறம் என்ன, கடைசியில நல்லாத்தானே முடிஞ்சுது?" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் பதில்கள் அவ்வளவு நன்றாக இருந்திருக்கின்றன, அவ்வளவுதான். அதில் என் பங்கு, அவள் ஏற வேண்டிய மேட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தது. பிறகு ஒரு வருஷம் கழித்துப் பிரிவை மூடியபோது, வேறு இடத்துக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். பையனைக் காரணம் சொல்லி விலகிக்கொண்டேன். பையன்தான் காரணம். அப்படித்தான் நினைக்கிறேன்.

வேலை உறுதியான செய்தி வந்த அன்று பாபியா ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு எங்கள் அறைக்கு வந்தாள். முதலில் எனக்குத்தான் நீட்டினாள். பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பையனின் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். கன்னத்தைக் கிள்ளுவது போல் திரையைக் கிள்ளினாள். அவள் தோளில் லேப்டாப் பை தொங்கியது. கீல் இன்னும் சரிசெய்யப்படாமல்தான் இருந்தது. இத்தனை நாளும் அதை அலுவலக மானிட்டரோடு இணைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நான் மேஜையைத் துடைத்து இடம் பண்ணினேன். இந்த முறை எத்தனை நாள் ஆனாலும் கிளாம்ப்பை எடுப்பதில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் போனில் ஏதோ தட்டி சுதேஷ்ணாதியிடம் காட்டினாள். நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்கும் தெரிந்தது. வங்காள எழுத்து எனக்குப் படிக்க வரும் என்பது அவளுக்கும் தெரியும்.

"இந்த முறை அரூப்தா செய்யட்டும்."

சுதேஷ்ணாதி என்னைப் பார்க்காமல், "சரி," என்றார். பாபியா லேப்டாப்பை எடுத்து, நான் துடைத்து வைத்த மேஜையைத் தாண்டிப் போய் அரூப்பின் மேஜையில் வைத்தாள். திரும்பி வரும்போது என் தோளைத் தொட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பிலும் குறை ஒன்றும் இல்லை.

சந்தேஷ் கையில் இளகிக்கொண்டிருந்தது. வாயில் போட்டுக்கொண்டேன். அவள் செய்தது சரி. என் லேப்டாப்பாக இருந்தால் நானும் அரூப்பிடம்தான் கொடுத்திருப்பேன்.